வெளி வரைபடத் தரவு போஸ்ட்கிரெஸ்ஸோடு ஒட்டவில்லையா? அறிகுறி வாரியாகப் பழுது பார்ப்பது

ஷேப்ஃபைல், ஜியோபேக்கேஜ் போன்ற கோப்புகள், இணையம் வழியே வரைபடத் தரவு தரும் டபிள்யூஎஃப்எஸ் சேவை என்று வெளியே கிடக்கும் நிலவரைபடத் தரவை இறக்குமதி செய்யாமலே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் ஒரு டேபிளாகக் காட்டுவது ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ நீட்சி. கோப்பைத் திறந்து படிக்கும் வேலையை உள்ளே இருந்து செய்வது ஜிடால் நூலகம். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வரைபட வசதி சேர்க்கும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் கூட இருந்தால் வடிவங்கள் நேராக ஜியோமெட்ரி வகையிலேயே வந்து சேரும்.

இதில் வரும் கோளாறுகள் ஒரு கைக்குள் அடங்கும். யார் கூப்பிட்டாலும் அதே எட்டு ஒன்பது புகார்தான். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், தலைவலி பிடித்தது கடைசியில். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

## எதற்கும் முன்னால்: ஒரே ஒரு சோதனை

கோப்பைத் திறக்கப் போவது நீங்கள் இல்லை, நீங்கள் வரைபடம் பார்க்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இல்லை. சர்வர் கணினியில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற பயனராக ஓடும் ஒரு ப்ராசஸ்தான் திறக்கப் போகிறது. கீழே வரும் தொல்லைகளில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

ஆகவே எஸ்க்யூஎல் பக்கமே போகாமல், சர்வரின் டெர்மினலில் 'சூடோ -யூ போஸ்ட்கிரெஸ்' சேர்த்து, ஜிடாலோடு வரும் ஓஜிஆர்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். சர்வர் வரையறையில் (தரவு எங்கே இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ்ஸுக்குச் சொல்லும் 'கிரியேட் சர்வர்' கட்டளையில்) 'டேட்டாசோர்ஸ்' என்று என்ன கொடுத்தீர்களோ, அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுக்க வேண்டும்.

- லேயர் பட்டியல் வந்தால் கோப்பும் வழியும் சரி. கோளாறு பெரும்பாலும் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது.
- வராவிட்டால் எஸ்க்யூஎல்லைத் தொடாதீர்கள். நூறு முறை டிராப் செய்து கிரியேட் செய்தாலும் அதே எரர்தான் வரும்.
- உங்கள் பெயரில் ஓட்டினால் வருகிறது, போஸ்ட்கிரெஸ் பெயரில் வரவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். இணையச் சேவையாக இருந்தால் இணையத்துக்கு நடுவே நிற்கும் ப்ராக்ஸி.

நீட்சியோடு கூடவே ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ_இன்ஃபோ என்று ஒரு சிறு கருவியும் வருகிறது. '-எஸ்' கொடுத்துக் கோப்பையும் '-எல்' கொடுத்து லேயரையும் சொன்னால், சர்வர், டேபிள் இரண்டுக்கும் தேவையான எஸ்க்யூஎல்லை அதுவே எழுதித் தரும். கையால் எழுதிப் பிழை தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

## அறிகுறி 1: நீட்சியே ஏற மறுக்கிறது

'கண்ட்ரோல் ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்றால்: பேக்கேஜ் நிறுவப்படவில்லை. அல்லது வேறொரு போஸ்ட்கிரெஸ் பதிப்புக்கு நிறுவியிருக்கிறீர்கள். டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் பெயரின் நடுவிலேயே பதிப்பு எண் இருக்கும். ஓடுவது 16, நிறுவியது 15-க்கானது என்றால் ஏறாது. விண்டோஸில் போஸ்ட்ஜிஐஎஸ் தொகுப்போடு இதுவும் சேர்ந்தே வருகிறது, தனியாகத் தேட வேண்டாம்.

'லிப்ஜிடால்' என்ற பெயரோடு நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்றால்: இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது ஜிடால் பதிப்பு மாறிவிட்டது. நீட்சி இன்னும் பழையதைத் தேடுகிறது. இரண்டையும் ஒரே ரெப்போவிலிருந்து மறுபடி நிறுவி, போஸ்ட்கிரெஸ்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கிளவுடில் வாடகைக்கு எடுத்த தரவுத்தளம் என்றால்: பிஜி_அவைலபிள்_எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்றால் அந்த இடத்தில் இது கிடையாது. மன்றாடிப் பயனில்லை, ஜிடாலின் ஓஜிஆர்2ஓஜிஆர் கருவி வைத்து இறக்குமதிதான் வழி.

## அறிகுறி 2: 'டேட்டா சோர்ஸோடு இணைக்க முடியவில்லை'

இதுதான் ராஜா. மற்ற எல்லாப் புகாரும் சேர்ந்தாலும் இதன் எண்ணிக்கைக்கு வராது. இதே வரிசையில் பாருங்கள்.

கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது? உங்கள் லேப்டாப்பில் டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஷேப்ஃபைல், வேறு அறையில் இருக்கும் சர்வருக்குத் தெரியாது. சர்வருக்கு நகலெடுங்கள். டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஹோஸ்ட் கணினியில் இருக்கும் ஃபோல்டரை கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்திருக்க வேண்டும், கண்டெய்னருக்குள் தெரியும் பாதையைத்தான் டேட்டாசோர்ஸில் எழுத வேண்டும்.

வழியில் எல்லாக் கதவும் திறக்கிறதா? கோப்புக்கு எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு, 'இதற்கு மேல் என்ன கொடுப்பது' என்று கேட்பார்கள். கோப்புக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி, அதாவது 'எக்ஸ்', போஸ்ட்கிரெஸ் பயனருக்கு இருக்க வேண்டும். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர்கள் 750 என்றே உருவாகின்றன. அந்நியப் பயனர் வாசலிலேயே நின்றுவிடுவார். 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுத்தால் வேர் முதல் கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் இடிக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

தீர்வாக, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடாதீர்கள். 'எஸ்ஆர்வி' ஃபோல்டருக்குக் கீழே ஒரு தரவு ஃபோல்டர் திறந்து, அதன் குழுவைப் போஸ்ட்கிரெஸ் என்று மாற்றி, குழுவுக்குப் படிக்கவும் நுழையவும் அனுமதி கொடுத்தால் போதும். வரைபடத் தரவு வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருளே இல்லை.

விண்டோஸ் சர்வரா? பாதையில் பின்சாய்வுக் கோட்டுக்குப் பதில் முன்சாய்வுக் கோடு போட்டுப் பாருங்கள். அடுத்து, 'இசட்' டிரைவ் என்று நீங்கள் மேப் செய்து வைத்திருப்பது உங்கள் லாகினுக்கு மட்டும் சொந்தம். போஸ்ட்கிரெஸ் சேவை பெரும்பாலும் நெட்வொர்க் சர்வீஸ் கணக்கில் ஓடுகிறது, அதற்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரட்டைக் கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்து, அந்தப் பகிர்வில் சேவைக் கணக்குக்கு அனுமதி வாங்குங்கள்.

ஷேப்ஃபைலின் உடன்பிறப்புகள் வந்தனவா? எஸ்எச்பி கோப்பை மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் இரண்டும் கட்டாயம் வேண்டும். பிஆர்ஜே (ஆய முறையைச் சொல்வது), சிபிஜி (எழுத்துக் குறியீட்டைச் சொல்வது) இரண்டும் இல்லாவிட்டால் இப்போது திறக்கும், ஆனால் அறிகுறி 4-லும் 5-லும் வந்து நிற்பீர்கள்.

அந்த வடிவத்துக்கு டிரைவர் இருக்கிறதா? ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ_டிரைவர்ஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால், உங்கள் ஜிடால் எதையெல்லாம் படிக்கும் என்று பட்டியல் வரும். ஷேப்ஃபைல், ஜியோபேக்கேஜ், ஜியோஜேசன் எங்கும் இருக்கும். ஆரக்கிள் போன்றவற்றுக்கான டிரைவர் எல்லாத் தொகுப்பிலும் இருக்காது. பட்டியலில் இல்லாத டிரைவருக்காக ஜிடாலை மறுபடி கம்பைல் செய்யும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் எடுக்க வேண்டாம். தரவு கொடுத்தவரிடம் ஜியோபேக்கேஜாகக் கேளுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் திறக்கவில்லை, ரெட் ஹேட் வகை லினக்ஸ் என்றால்: எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல். 'கெட்என்ஃபோர்ஸ்' போட்டால் 'என்ஃபோர்சிங்' என்று வருகிறதா பாருங்கள். ஆடிட் லாகில் அதே நேரத்தில் மறுப்புப் பதிவு இருந்தால் சந்தேகம் உறுதி. இங்கே நிறுத்திக்கொண்டு சிஸ்டம் அட்மினைக் கூப்பிடுங்கள். எஸ்ஈலினக்ஸை மொத்தமாக அணைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்வது பழுது பார்ப்பது ஆகாது.

## அறிகுறி 3: கோப்பு திறக்கிறது, இணையச் சேவை மட்டும் திறக்கவில்லை

டேட்டாசோர்ஸ் முகவரிக்கு முன்னால் 'டபிள்யூஎஃப்எஸ்:' என்ற முன்னொட்டு இருக்கிறதா? வெறும் முகவரியைக் கொடுத்தால் அது என்ன சேவை என்று ஜிடால் ஊகித்துக்கொண்டிருக்காது.

பிரவுசரில் திறக்கிறது, உங்கள் டெர்மினலிலும் திறக்கிறது, தரவுத்தளத்தில் இல்லை என்றால் ப்ராக்ஸியைப் பாருங்கள். உங்கள் லாகினில் இருக்கும் ப்ராக்ஸி அமைப்பு பின்னணியில் ஓடும் சேவைக்குப் போய்ச் சேராது. சர்வர் வரையறையில் 'கான்ஃபிக்_ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் ஜிடால்_எச்டிடிபி_ப்ராக்ஸி என்று எழுதிவிடுங்கள்.

சான்றிதழ் எரர் என்றால் ஜிடால்_எச்டிடிபி_அன்சேஃப்எஸ்எஸ்எல் போட்டு ஒரு முறை பார்க்கலாம். திறந்தால் கோளாறு சான்றிதழில்தான் என்று தெரிந்தது, உடனே எடுத்துவிட்டு சர்வரின் சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பியுங்கள். அப்படியே விட்டுப்போவது ஆபத்து.

பாஸ்வேர்டு கேட்கும் சேவை என்றால் ஒன்றை மனத்தில் வையுங்கள். சர்வர் வரையறையில் எழுதும் எதையும் அந்தத் தரவுத்தளத்தில் நுழையும் எந்தப் பயனரும் பிஜி_ஃபாரின்_சர்வர் டேபிளில் படிக்கலாம். முக்கியமான பாஸ்வேர்டை அங்கே வைக்காதீர்கள்.

## அறிகுறி 4: டேபிள் வந்தது, தமிழ் வரவில்லை

கட்டம் கட்டமாக, கோணல்மாணலாக, அல்லது 'தவறான பைட் வரிசை' என்ற எரர்: சிபிஜி கோப்பு இல்லை. அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும், 'யூடிஎஃப்-8' என்று. நோட்பேடில் எழுதி, ஷேப்ஃபைலின் அதே பெயரில் சேமித்தால் போதும். கோப்பைத் தொட அனுமதி இல்லாவிட்டால் கான்ஃபிக்_ஆப்ஷன்ஸில் ஷேப்_என்கோடிங் கொடுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள்: தரவை ஏற்றுமதி செய்தவர் கையிலேயே தமிழ் போய்விட்டது. கேள்விக்குறியிலிருந்து எழுத்தை மீட்க முடியாது. மூலத்தைத் திரும்பக் கேளுங்கள்.

ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் கலந்து வருகின்றன: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஊர்ப்பெயர்கள். என்கோடிங்கை எப்படி மாற்றினாலும் சரியாகாது, ஏனென்றால் கோப்பில் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுத்துத் தனி டேபிளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பாதியில் அறுந்து வருகிறது: இது டிபிஎஃப் வடிவத்தின் வரம்பு. ஒரு புலத்தில் அதிகபட்சம் 254 பைட். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியெழுத்தும் 3 பைட், அதுவும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. ஆக 84 குறியெழுத்தோடு சரி. நெடுவரிசைப் பெயருக்கோ மொத்தமே 10 பைட். 'ஊர்' என்று வைத்தால் 9 பைட், தப்பிக்கும். 'மாவட்டம்' 24 பைட், வெட்டுப்படும். தமிழ்ப் பெயர்கள் வேண்டும் என்றால் ஷேப்ஃபைலை விட்டு ஜியோபேக்கேஜுக்கு மாறுங்கள், இந்த இரண்டு வரம்புமே அங்கே இல்லை.

தமிழ் சரி, ஒரு நெடுவரிசை மட்டும் முழுக்கக் காலி: டேபிளைக் கையால் எழுதியிருக்கிறீர்கள், பெயர் மூலத்தோடு பொருந்தவில்லை. எரர் எதுவும் காட்டாமல் வெறுமை மட்டும் வரும். 'இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா' கொண்டு மறுபடி உருவாக்குங்கள். பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நெடுவரிசைக்கு 'காலம்_நேம்' ஆப்ஷன் இருக்கிறது.

## அறிகுறி 5: வரைபடத்தில் ஊர் இடம் மாறிக் கிடக்கிறது

எங்கே போய் விழுந்தது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். தெரிந்த ஊர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை என்று வைப்போம்: வடக்கே சுமார் 9.9 பாகை, கிழக்கே சுமார் 78.1 பாகை.

ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் விழுந்தால்: அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிவிட்டன. டபிள்யூஎஃப்எஸ் 1.1-ம் 2.0-ம் அட்சத்தை முதலில் அனுப்பும் வழக்கம் கொண்டவை, 1.0 தீர்க்கத்தை முதலில் அனுப்பும். ஜிடால் பெரும்பாலும் இதைத் தானே திருப்பிக்கொள்ளும், ஆனால் சேவை தன் வழக்கத்தை மீறினால் ஏமாந்துபோகும். எஸ்டி_ஃப்ளிப்கோஆர்டினேட்ஸ் போட்ட ஒரு வியூ எழுதிவிடுங்கள். அல்லது முகவரியில் பதிப்பை 1.0.0 என்று கேட்டுப் பாருங்கள்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் எல்லாம் ஒரே புள்ளியாகக் குவிந்தால்: ஆயமே (இடத்தைச் சொல்லும் எண்களே) சுழி. மூலத் தரவில் காலியாக இருந்த இடங்களில் யாரோ பூஜ்யம் போட்டிருக்கிறார்கள்.

லட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில் விழுந்தால்: இது தமிழ்நாட்டுத் தரவில் அடிக்கடி நடப்பது. உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லையான 78 பாகைக் கோடு மாநிலத்தின் குறுக்கே ஓடுகிறது. கோவையும் திருநெல்வேலியும் 43-ல், மதுரையும் சென்னையும் 44-ல். 44-ல் எடுத்த மதுரைக்கு 43-ன் எண்ணைக் குத்தினால் சரியாக 6 பாகை மேற்கே நகர்ந்து கடலுக்குள் போய்விடும். கோவைக்கு இதையே தலைகீழாகச் செய்தால் அது வங்கக் கடலில். சரியான ஆய முறை எண்கள் (எஸ்ஆர்ஐடி): 43-க்கு 32643, 44-க்கு 32644. இலங்கைத் தரவுக்கு இந்தக் குழப்பம் இல்லை, தீவு முழுதும் 44-க்குள் அடங்கிவிடும்.

நூறு, இருநூறு மீட்டர் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால்: பழைய எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட தாளிலிருந்து எடுத்த தரவை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கையால் இழுத்துப் பொருத்தாதீர்கள். நில எல்லை, பட்டா, வழக்கு என்று ஏதாவது இதில் தொங்கினால் சர்வே தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எங்கேயுமே தெரியவில்லை என்றால்: எஸ்டி_எஸ்ஆர்ஐடி கேளுங்கள். 0 என்று வந்தால் பிஆர்ஜே கோப்பு இல்லை, அல்லது அதில் எழுதியிருப்பது புரியவில்லை. ஆயங்களின் உருவத்தைப் பாருங்கள். 9, 78 போன்ற எண்கள் பாகை. ஆறு ஏழு இலக்கம் என்றால் மீட்டர். எது என்று தெரிந்தபின் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி கொண்டு உண்மையான எண்ணை ஒட்டுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி சீட்டு ஒட்டுவது மட்டும் செய்யும், எண்கள் அப்படியே இருக்கும். எஸ்டி_ட்ரான்ஸ்ஃபார்ம்தான் எண்களைக் கணக்கிட்டு மாற்றும். மீட்டரில் இருப்பதை 4326 (பாகையில் எழுதும் டபிள்யூஜிஎஸ் 84) ஆக்க வேண்டும் என்றால் முதலில் 32644 என்று ஒட்டி, பிறகு 4326-க்கு மாற்ற வேண்டும். நேராக 4326 என்று ஒட்டினால் மதுரை உருண்டைக்கே வெளியே போய்விடும்.

ட்ரான்ஸ்ஃபார்ம் செய்தாலே எரர், அதில் 'ப்ராஜ்.டிபி' என்ற பெயர் வந்தால்: அதே கணினியில் கியூஜிஐஎஸ் அல்லது வேறு மென்பொருள் தன் ப்ராஜ் நூலகத்தையும் கொண்டுவந்து வைத்திருக்கிறது. ப்ராஜ்_லிப் என்ற சூழல் மாறி எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். தவறான இடத்தைக் காட்டினால் நீக்கிவிட்டு போஸ்ட்கிரெஸ்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

## அறிகுறி 6: வரிசைகள் குறைவாக வருகின்றன

எண்ணிப் பாருங்கள். சரியாக 1000, 2000, 10000 என்று முழு எண்ணில் நின்றால் சேவை நடத்துபவர் வரம்பு வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாகத் தரும் வசதி அந்தச் சேவையில் இருந்தால் ஓஜிஆர்_டபிள்யூஎஃப்எஸ்_பேஜிங்_அலவ்டு வேலை செய்யும். இல்லாவிட்டால் மாவட்ட வாரியாகப் பிரித்துக் கேளுங்கள், அல்லது நடத்துபவருக்கு மெயில் போடுங்கள்.

## அறிகுறி 7: எல்லாம் சரி, ஆனால் ஆமை வேகம்

கிளையண்ட்_மின்_மெசேஜஸ் என்பதை டீபக்1 ஆக்கிவிட்டு அதே குவரியை ஓட்டுங்கள். எந்த நிபந்தனை மூலத்துக்கு அனுப்பப்பட்டது என்று ஓஜிஆர் எஸ்க்யூஎல் என்ற வரியில் காட்டும். அந்த வரியே இல்லை என்றால் மொத்தக் கோப்பையும் இழுத்து வந்து இங்கே வடிகட்டுகிறது.

மூலத்துக்குப் போவது சாதாரண ஒப்பீடுகளும், '&&' என்ற எல்லைப்பெட்டி நிபந்தனையும்தான். எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் போகாது, ஜாயினும் போகாது. ஒரு பகுதி மட்டும் வேண்டும் என்றால் எஸ்டி_மேக்என்வலப் கொண்டு பெட்டி கட்டி, '&&' குறியை நீங்களே வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு வரியிலேயே வித்தியாசம் தெரியும்.

கிராம எல்லைகளோடு மழைமானி நிலையங்களை ஜாயின் செய்வது போன்ற வேலைக்கு இது போதாது. குவரியின் விடையை நகலாகச் சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ ஒன்றில் உள்ளே கொண்டுவந்து, ஜிஸ்ட் இன்டெக்ஸ் போட்டு, அனலைஸ் செய்யுங்கள். இரவில் ஒரு முறை ரெஃப்ரெஷ். ரெஃப்ரெஷ் நடக்கும்போதே மற்றவர்கள் படிக்க வேண்டும் என்றால் 'கன்கரன்ட்லி' சேருங்கள், அதற்கு ஒரு யுனிக் இன்டெக்ஸ் அவசியம். நாள்தோறும் மாறாத தரவை ஒவ்வொரு குவரிக்கும் வெளியே போய் எடுத்துவருவதில் எனக்கு உடன்பாடே இல்லை. வெளி டேபிளை வாசலாக வையுங்கள், வேலை உள் டேபிளில் நடக்கட்டும்.

உள்ளே கொண்டுவரும்போது 'பாலிகன் வடிவம் மல்டிபாலிகன் நெடுவரிசையோடு பொருந்தவில்லை' என்று வந்தால் எஸ்டி_மல்டி. 'டோபாலஜி எக்ஸெப்ஷன்' வந்தால் எஸ்டி_மேக்வேலிட். தூரம் 0.03 என்று வந்தால் அது பாகையில் வந்த விடை, ஜியோகிராஃபி வகைக்கு மாற்றிக் கேளுங்கள்.

## அறிகுறி 8: குவரி ஓட்டியதும் தொடர்பு அறுந்துபோகிறது

'சர்வர் எதிர்பாராமல் தொடர்பைத் துண்டித்தது' என்று உங்களுக்கு வரும். அதே நொடியில் மற்றவர்களுக்கும் 'வேறொரு ப்ராசஸ் விழுந்ததால் துண்டிக்கிறோம்' என்று வரும். ஜிடால் போஸ்ட்கிரெஸ் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகிறது. அது விழுந்தால் போஸ்ட்கிரெஸ் எல்லாத் தொடர்பையும் உதறிவிட்டுத் திரும்ப எழுந்திருக்கும். பில் போடும் மென்பொருளும் அதே சர்வரில் இருந்தால் அதுவும் நிற்கும்.

இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்காதீர்கள். அதே கோப்பைத் தனிக் கணினியில் ஓஜிஆர்இன்ஃபோவில் திறங்கள். அங்கேயும் விழுந்தால் கோப்பு கெட்டிருக்கிறது, புதிய நகல் வாங்குங்கள். அங்கே ஒழுங்காகத் திறந்தால் நூலகப் பதிப்புகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அது டிபிஏ, அதாவது தரவுத்தள நிர்வாகி, பார்க்க வேண்டிய வேலை. அவரிடம் போகும்போது நான்கு விவரங்களைக் கையில் வைத்திருங்கள்: போஸ்ட்கிரெஸ் பதிப்பு, போஸ்ட்ஜிஐஎஸ்_ஃபுல்_வெர்ஷன் தரும் முழு வரி, ஓஜிஆர்_எஃப்டிடபிள்யூ_வெர்ஷன் தரும் வரி, விழுந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் சர்வர் லாகில் இருக்கும் வரிகள். விழவைத்த கோப்பை அழித்துவிடாதீர்கள், அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.